அறைக்குள் ஒரு சாலை

தை பிறந்துவிட்டால் நம் கரிசல் பக்கத்துச் சாலைகளில் பாதி, சாலையாயிராது, களமாயிருக்கும். உளுந்தும் பாசியும் கம்பும் குதிரைவாலியும் தாரின்மேல் பரப்பிக் கிடக்கும். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப்போனால் சூடடிக்கிற கூலி மிச்சம். ஓரத்தில் நாலு கல். கல்லுக்கு அப்பால் முக்காடிட்ட ஒரு கிழவி, சுளகும் கையுமாய். (இப்படிச் சாலையை மறிப்பது சரிதானா, மோட்டார் சைக்கிள்காரர் சறுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் தனியே பேச வேண்டிய விஷயம்.) கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயறைக் கண்டால் பயறுக்குப் பக்கத்தில் ஆள் உண்டு என்பதை அவர் கால் அறியும்.

இந்தச் சாலையைக் கண்டே இராத ஒரு யந்திரம் நாளைக்கு இதிலே வண்டி ஓட்ட வந்தால், அந்தக் கிழவியை அதற்கு யார் அறிமுகம் செய்து வைத்திருப்பார்? விளையாட்டுக்குக் கேட்கிற கேள்வியல்ல இது. டிரைவரே இல்லாத கார் நம் ஊருக்கு இன்னும் வரவில்லை. வர விடமாட்டோம், எத்தனையோ பேர் பிழைப்புப் போய்விடும் என்று மத்திய மந்திரி நிதின் கட்கரி 2017-இல் சொன்னார். ஆனால் டிரைவருக்குத் துணையாகப் பாதி வேலையைச் செய்கிற கார்கள் வந்துவிட்டன. மகிந்திரா கம்பெனி 2021-இல் வெளியிட்ட எக்ஸ்.யூ.வி. 700 காரில் ராடாரும் காமிராவும் முன்னால் பார்த்துக்கொண்டே வரும். மோதப் போகிறதென்று கண்டால் தானே பிரேக் போடும். கோட்டைவிட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும். இப்போது வேறு கம்பெனிகளின் கார்களிலும் இது உண்டு. நம் நாலுவழிச் சாலையிலே, சாத்தூருக்கும் கயத்தாறுக்கும் இடையே, இப்படிப்பட்ட கார்கள் தினமும் போய்வருகின்றன.

இத்தகைய கருவிகள் சாலைக்கு வருமுன்னே பெரும்பாலும் ஓர் அறைக்குள் சோதிக்கப்படுகின்றன. அந்த அறையைத்தான் சிமுலேட்டர் என்கிறார்கள். ஓட்டுவதுபோல் பாவனை செய்கிற பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான காரின் உடல், நிஜமான ஸ்டியரிங், நிஜமான பிரேக், சுற்றிலும் திரை, திரையில் கம்ப்யூட்டர் வரைந்த சாலை. பிரேக்கை மிதித்தால் அடியிலுள்ள மோட்டார்கள் ஆசனத்தை முன்னுக்குச் சாய்க்கும். உடம்பு நிஜமாகவே நின்றதாக நம்பும். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 2007-இல் அமைத்த சிமுலேட்டரில், 7.1 மீட்டர் குறுக்களவுள்ள கூண்டுக்குள் முழுக் காரே நிற்கிறது. அந்தக் கூண்டு 35 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தின்மேல் ஓடுகிறது. கண் ஒன்று சொல்ல, காதுக்குள்ளிருக்கும் நிலைப்புலன் வேறொன்று சொல்வதால், சிலருக்கு அதில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வரும்.

இந்தப் பொறிகளின் பாட்டன் ஓர் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பிறந்தான் என்பது கோயில் பாடகர் குழுவினருக்கு ருசிக்கும். அமெரிக்காவில் பிங்காம்டன் ஊரிலே பியானோவும் ஆர்கனும் செய்து விற்ற குடும்பத்தில் வந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை மரப்பெட்டி ஒன்றின் அடியில் வைத்து, தரையில் இருந்தபடியே ஆகாய விமானம்போல் சாயவும் திரும்பவும் செய்தார். 1929-இல் நடந்தது இது. முதலில் அதை வாங்கினவர்கள் பொருட்காட்சிகளில் காசுக்கு ஆட்டிக் காட்டுகிறவர்கள். பிறகுதான் விமானிகள் அதிலே பழகினார்கள். நம் ஆர்மோனியத்தின் துருத்திக்கு அது ஒன்றுவிட்ட உறவு.

இத்தனை செலவு செய்து பொய்ச் சாலை ஏன்? நிஜச் சாலையில் செய்யக்கூடாத சோதனையை அங்கே செய்யலாம் என்பதற்காகத்தான். தூக்கம் விழித்தவனை நாலுவழிச் சாலையில் ஓட்டவிட்டு, எப்போது கண்ணயர்கிறான் என்று பார்ப்பது கொலைக்குச் சமம். அறைக்குள் பார்க்கலாம். ஒரே ஆட்டுக்குட்டியை, ஒரே தூரத்தில், ஒரே வினாடியில் நூறு டிரைவர்கள் முன்னே குதிக்கவிடலாம், குட்டிக்கும் சேதமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வெங்கடேஷ் பாலசுப்பிரமணியனும் அடலரசுவும் இப்படிப் பாவனையாய் வண்டி ஓட்டுகிறவர்களின் தசைகளில் மின்கருவி பொருத்தி, களைப்பு எங்கே எப்படி ஏறுகிறதென்று அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்னே, 1985-இல் பெர்லினில் பெரிய சிமுலேட்டர் ஒன்றை அமைத்த டைம்லர்-பென்ஸ் கம்பெனி, அதிலே மனித சுபாவத்தின் ஒரு விசித்திரத்தைக் கண்டது. ஆபத்து முன்னால் நிற்கையில் பெரும்பாலான டிரைவர்கள் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கிறார்கள். ஆனால் போதுமான அளவு அழுத்துவதில்லை. கால் வேகமாய்ப் போகிறது, போனபின் தயங்குகிறது. அந்த வேகத்தைக் கண்டே, மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும் கருவி 1996-இல் கார்களில் வந்தது. எத்தனையோ உயிர்கள் அதனால் தப்பியிருக்கும். ஆகையால் இந்த அறையைப் பணக்கார நாட்டாரின் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2022-ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். அவர்களில் ஒருவராவது இல்லாத பங்கு நம் மறைமாவட்டங்களில் எத்தனை இருக்கும்?

ஆனால் அந்த அறையில் ஒன்றே ஒன்று இல்லை. பயம். திரையில் தோன்றும் பிள்ளை பிள்ளையல்ல என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். அதனாலேயே சிலர் சாலையில் போவதைவிட அங்கே வேகமாய்ப் போகிறார்கள். நல்ல ஆராய்ச்சியாளர் இதை மறைப்பதில்லை: இந்த முறையைவிட அந்த முறை மேல் என்று ஒப்பிட்டுச் சொல்ல அறை உதவும், சாலையில் இன்னபடிதான் நடக்கும் என்று அளந்து சொல்லப் பல சமயம் உதவாது என்பார். இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. நிஜச் சாலை நாம் நினையாததையெல்லாம் நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. மழைக்குப் பின் டிராக்டர் டயர் உதிர்த்துப் போன கரிசல் மண், தாரின்மேல் வழவழவென்று எண்ணெயாகிறது. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போட வருகிற கீதாரியின் ஆடுகள் சாலையைக் கால்மணி நேரம் அடைத்துக்கொள்கின்றன. கயத்தாறுப் பக்கம் காற்றாலை இறக்கை ஒன்று, ஒரு தெரு நீளத்துக்கு, லாரியின்மேல் ஊர்ந்து போகிறது. அறைக்குள் இருக்கும் சாலையிலோ, அதை வரைந்தவர் நினைத்தது மாத்திரமே வரும். அவர் நினையாதவர் அங்கே பிறக்கவேயில்லை.

மனிதர் மட்டுமா அங்கே ஓட்டிப் பார்க்கிறார்கள்? யந்திரமும் ஓட்டிப் பழகுகிறது. கண்ணுக்குப் பதில் காமிராவாகையால், அதற்குத் திரைகூட வேண்டாம். படத்தை நேரே ஊட்டிவிடலாம். அமெரிக்காவில் வேமோ என்ற கம்பெனியின் யந்திரம் இப்படி இல்லாத சாலையில் பல நூறு கோடி மைல் ஓடியிருக்கிறது.

நினையாதவர் விஷயத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனி, குறுக்கே வரும் மான் வகைகளைக் கண்டு பிரேக் போடும் கருவியைச் செய்தது. அதை ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது கங்காரு அதற்குப் புரியவில்லை. மிருகம் நிற்கும் தரையை வைத்துத் தூரத்தைக் கணக்கிடப் பழகிய கருவிக்கு, கங்காரு துள்ளி எழும்பும்போது தூரப் போனதுபோலவும், தரையில் விழும்போது கிட்டே வந்ததுபோலவும் தோன்றியது. 2017-இல் பத்திரிகைகள் இதை எழுதி உலகமே சிரித்தது. நான் சிரிக்கமாட்டேன். விற்பதற்கு முன்னே, 2015-லேயே, கங்காருவைப் படம் பிடிக்க அந்த ஊருக்கு ஆள் அனுப்பினவர்கள் அவர்கள். தெரியாததைத் தெரியாது என்று கண்டுபிடிக்கப் போனார்கள்.

மற்றது துக்கமான சம்பவம். அமெரிக்காவில் அரிசோனா மாகாணம், டெம்பி நகரம். 2018 மார்ச் 18, இரவு. ஒரு ஸ்திரீ தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஊபர் கம்பெனி சோதித்துக்கொண்டிருந்த, தானே ஓடும் கார் அவள்மேல் மோதிக் கொன்றது. அந்நாட்டு விபத்து விசாரணைக் குழு 2019-இல் அறிக்கை கொடுத்தது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே கார் அவளைக் கண்டுவிட்டது. கண்டும், அவள் என்ன என்று அதனால் தீர்மானிக்க முடியவில்லை: வண்டி என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது, பெயர் மாறும்போதெல்லாம் அவள் எந்தப் பக்கம் நகர்ந்து வந்தாள் என்ற பழைய கணக்கைத் தள்ளிவிட்டுப் புதிதாய் ஆரம்பித்தது. ஏனெனில், கடப்பதற்கென்று கோடு போட்ட இடத்தைத் தவிர வேறிடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார்கள் என்பதை அதை அமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாசகரே, இதை நம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டு 15 பரலோக மாதா திருவிழாவுக்குக் காமநாயக்கன்பட்டிக்கு நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் கோடு போட்ட இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள்? விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக எதிர்ப்பக்கம் ஓடுகிற பெண்கள்? நம் சாலைகளில் கோடு இருக்கிற இடத்தை எண்ணிவிடலாம். கடக்கிறவர்களை எண்ண முடியாது.

டெம்பியில் நடந்தது அறியாமைதானே, அறியாமல் செய்ததைக் குற்றம் என்பது எப்படி என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் பழைய ஞானோபதேசத்தின் ஒரு பாகுபாடு நமக்கு உதவுகிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. முயன்றால் நீங்கியிருக்கும், ஆனால் முயலவில்லை என்பது வேறொன்று. தான் அறியக்கூடியதும் அறியக் கடமைப்பட்டதுமான ஒன்றை அசட்டையினால் அறியாதிருப்பது குற்றமே என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதி வைத்தார். மனிதர் கண்ட இடத்தில் சாலையைக் கடப்பார்கள் என்பதை அறிய விஞ்ஞானம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து பார்த்தால் போதும்.

2018-இல் இன்னொரு ஆராய்ச்சியும் பிரபலமாயிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலைக்காரர், பிரேக் பிடிக்காத யந்திரக் கார் யாரைக் கொல்லவேண்டும், கிழவனையா பிள்ளையையா, ஒருவரையா ஐவரையா என்று உலக முழுவதும் கேட்டு, சுமார் 4 கோடித் தீர்ப்புகளைச் சேர்த்தார்கள். படித்தவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி அடிபடுகிறது. என் அபிப்பிராயத்தில் இது ருசியான கேள்வி, உபயோகமான கேள்வியல்ல. மோதுகிற அந்த வினாடியில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. டெம்பி கார் அந்த ஸ்திரீயைக் கொல்லத் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் மனுஷி என்றே அதற்குத் தெரியாது. தேர்ந்தெடுத்தல் நடந்தது மாசக்கணக்கில் முன்னே, மேஜை போட்ட ஓர் அறையில், யார் யார் சாலையில் வருவார்கள் என்று பட்டியல் எழுதினபோது. கிழவனா பிள்ளையா என்று கேட்கிறோம். இருவரில் யாராவது பட்டியலில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்கவேண்டாமா?

அந்தப் பட்டியலை நம் நாட்டிலேயே எழுதப் புறப்பட்டவர்கள் உண்டு. ஐதராபாதிலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம், அந்நகரிலும் பெங்களூரிலும் காரில் காமிரா கட்டி ஓடி, 10,004 படங்களை 2018-இல் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு படத்திலும் எது சாலை, எது மனிதன், எது வண்டி என்று கையால் கோடு போட்டுப் பெயர் எழுதியிருக்கிறது. ஐரோப்பியப் படங்களில் இல்லாத ஆட்டோரிக்ஷாவுக்கும் மிருகத்துக்கும் அதில் இடமுண்டு. என்னை நிறுத்திய விஷயம் வேறு. எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத வண்டிக்கென்று ஒரு பெட்டி. சாலையல்ல, ஆனால் வண்டி இறங்கி ஓடக்கூடும் என்கிற ஓரத்து மண்ணுக்கென்று ஒரு பெட்டி. 'எனக்குத் தெரியாதது ஒன்று இங்கே இருக்கிறது' என்று சொல்ல யந்திரத்துக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார்கள். டெம்பி காருக்கு அந்த வார்த்தை தெரிந்தும், பெயர் புரியவில்லை என்றால் வேகத்தைக் குறை என்ற புத்தியை யாரும் கூடவே வைத்துக் கொடுக்கவில்லை.

கோடு போடுகிற இந்த வேலையை இன்று நம் தேசத்தில் பல ஊர்களில் பையன்களும் பெண்களும் கூலிக்குச் செய்கிறார்கள். நம்மூர்ப் பெண் ஒருத்திக்கு அந்த வேலை கிடைத்து, தாரில் காயும் உளுந்து அவள் முன்னே படமாக வந்தால் என்ன எழுதுவாள்? தடை என்று எழுதினால் கார் நடுச்சாலையில் நின்றுபோகும். சாலை என்று எழுதலாம். பயறுக்குச் சொந்தக்காரி வண்டி ஏறிப்போவதைத்தான் விரும்புகிறாள். ஆனால் அந்தப் பரப்பின் ஓரத்தில் ஒரு ஜோடிக் கால் தெரிகிறவரை அது சாலையல்ல. இதை அறிந்தவள் அவள். அவளைக் கேட்பார்களா, ஒரு படத்துக்கு இத்தனை வினாடி என்று விரட்டுவார்களா என்பதில் இருக்கிறது நியாயம். நாகபுரியில் 2021-இல் தொடங்கிய ஐராஸ்டே என்ற திட்டத்தில், நகர பஸ்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி வைத்து, எந்த இடத்தில் அது அடிக்கடி கத்துகிறது என்று பார்த்து, விபத்து நடக்குமுன்பே அபாயமான இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். அது சாலையையே வாத்தியாராக வைத்துக்கொள்வது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதன். டெம்பி காரிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார்; யந்திரம் தவறினால் பிரேக் போடவேண்டியது அவர் வேலை. அவர் டெலிபோனில் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிமேல் கிரிமினல் வழக்குக்கு ஆதாரமில்லை என்று 2019-இல் அரசாங்க வக்கீல் முடிவு செய்தார். 2023-இல் அந்தப் பெண்மணி குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷம் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர்மேல் குற்றமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நன்றாய் ஓடும் யந்திரத்தைச் சும்மா உட்கார்ந்து காவல் காக்கும் வேலைக்கு மனிதன் ஏற்றவனல்ல என்று இங்கிலாந்தில் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற மனோதத்துவ அம்மையார் 1983-லேயே எழுதியிருந்தார். மூனிச்சில் 2013-இல் சிமுலேட்டரில் பார்த்தார்கள்: யந்திரம் ஓட்டிக்கொண்டிருக்க, திடீரென்று 'நீ பிடி' என்று மணி அடித்து, சிலருக்கு 5 வினாடியும் சிலருக்கு 7 வினாடியும் கொடுத்தார்கள். குறைந்த நேரம் கிடைத்தவர்கள் சீக்கிரம் முடிவெடுத்தார்கள், மோசமாய் எடுத்தார்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் 5 வினாடி என்பது 125 மீட்டர். வண்டிமாடு வீடு வந்து சேரும் என்று தூங்கிப்போன நம் தாத்தாக்களை நினைக்கலாம். ஆனால் அந்த மாட்டுக்கு உயிர்ப்பயம் இருந்தது, பள்ளத்தைக் கண்டால் தானே நின்றது, 'நீ பிடி' என்று ஒருநாளும் தாத்தாவை எழுப்பவில்லை.

மனிதனால் முடியாதென்று தெரிந்த வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் தவறினதும் பழியையும் அவனுக்கே கொடுப்பது என்ன நியாயம்? பிறர் பாவத்தில் பங்குபெறும் ஒன்பது வகைகளை நம்மில் பெரியவர்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். ஏவுதலும், பேசாமலிருத்தலும் அந்த ஒன்பதில் இருக்கின்றன.

இது எங்கேயோ நடக்கும் சங்கதி என்று நம் லாரி முதலாளிகளும் வேன் முதலாளிகளும் இருந்துவிட வேண்டாம். டிரைவர் கொட்டாவி விட்டால், கண்ணிமை சொருகினால் காமிரா கண்டு மணி அடிக்கும் கருவி வந்தாயிற்று. பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் இவ்வித எச்சரிக்கைக் கருவிகளைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025-இல் வரைவு விதி வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் மணி இருக்கிறதே என்று, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போய் வந்தவனை உட்காரவிடாமல் மறு நடைக்கு அனுப்பினால், அந்த மணி டிரைவரைக் காக்கவில்லை. முதலாளியின் மனச்சாட்சியைத் தாலாட்டுகிறது. மோட்டார்த் தொழிலாளி சாதாரணமாய் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 1961-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருந்தது; தூரப் பயணத்துக்குச் சில விலக்குகள் இருந்தன. கொட்டாவியை எழுதி வைக்கிற அதே கருவி, வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதையும் எழுதி வைக்கக்கூடும். விபத்து நடந்தபின் முதல் கணக்கை எடுத்துக்கொண்டு டிரைவரிடம் போகிறவர், இரண்டாவது கணக்கையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.